பாப்பாவிடம் சொல்ல வேண்டியது

முனிரத்தினம் காஞ்சிபுரத்துக்கு வந்த நான்காம் நாள் ஆடி அமாவாசை. அமாவாசையன்று காஞ்சிபுரத்தில் தறி ஓடாது. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை அது. ஆனால் எழுதி வைத்த சட்டங்களைவிட அதற்குத்தான் ஊரில் மரியாதை அதிகம். அவனுக்குச் சேர வேண்டிய சேலைகளில் ஆறு இன்னும் தறியை விட்டு இறங்கவில்லை. முந்தின நாளே, ஒரு நாள் போனால் மெட்ராசில் கப்பலைப் பிடிப்பது இழுபறிதான் என்று கடைக்காரர் கலியாணசுந்தரத்திடம் சொல்லிப் பார்த்தான். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"நாளைக்கு யாரைக் கூப்பிட்டாலும் வரமாட்டாங்க தம்பி. பேசாம ஊரைச் சுத்திப் பாருங்க. கடல் தாண்டி இங்க வந்துட்டு கோயிலைப் பார்க்காம போனேன்னு சொன்னா உங்க ஊர்லயே சிரிப்பாங்க. நம்ம பரசுராமனை அனுப்பறேன்."

முனிரத்தினத்துக்கு நாற்பது வயது. பினாங்கில் ஒரு ஜவுளிக்கடையில் இருபது வருஷமாகப் பட்டுச் சேலைகளைப் பிரித்துப் போட்டு, "அசல் காஞ்சிபுரம்மா, தொட்டுப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தவன். இந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. வருஷா வருஷம் முதலாளிதான் கொள்முதலுக்கு வருவார். இந்த எழுபத்தோராம் வருஷம் அவருக்கு முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. அதனால் பாஸ்போர்ட் எடுத்து, ஊசி போட்டு, இவனை அனுப்பி வைத்தார். அனுப்பும்போது ஒரு புத்திமதியும் சொன்னார். "உங்கப்பா அந்தப் பக்கத்து ஆளுன்னு யார்கிட்டயும் சொல்லிடாதே. ஒரே நாள்ல உனக்கு நாற்பது சித்தப்பா முளைச்சிடுவாங்க."

அவன் சொல்லவில்லை. ஆனால் ஊர் விடவில்லை. லாட்ஜில் பெயர் எழுதுகிறவர் கேட்டார், "எந்த ஊரு?" பினாங்கு என்றான். "அது சரி. சொந்த ஊரு?" பினாங்குதான் என்றான். அவர் பேனாவை நிறுத்திவிட்டு, ஏதோ குற்றத்தை மறைக்கிறவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஓட்டலில் இட்லி வைத்தவரும் கேட்டார், முகம் மழித்தவரும் கேட்டார். தமிழ் பேசுகிறவனுக்குப் பினாங்கு எப்படிச் சொந்த ஊராக இருக்க முடியும் என்று ஒருவருக்கும் புரியவில்லை. மூன்று நாளில் அவனுக்கு அந்தக் கேள்வியே கசந்துவிட்டது. பிறந்தது அங்கே, படித்தது அங்கே, அம்மாவைப் புதைத்தது அங்கே. இந்த ஊரின் வெயிலும் புழுதியும், எதிரே வருகிறவன் மேல் இடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிற பழக்கமும் அவனுக்கு முழுக்க முழுக்க வெளிநாடு.

அமாவாசையன்று காலை ஏழு மணிக்கே பரசுராமன் லாட்ஜ் வாசலில் வந்து நின்றார். குளித்து, நெற்றி நிறைய விபூதி. ஐம்பதை நெருங்கும் வயது. கலியாணசுந்தரத்தின் கடையில் சேலைக் கட்டுகளை ரயிலுக்கும் லாரிக்கும் ஏற்றி விடுகிறவர். அந்தப் பழக்கத்தில் கோயிலையும் ஒரு கட்டு விடாமல் எண்ணிக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்.

ஏகாம்பரநாதர் கோயில் கோபுரத்தடியில் முனிரத்தினம் செருப்பைக் கழற்றினான். கழற்றிய செருப்பைக் குனிந்து திருப்பி, நுனி தெருவைப் பார்க்கும்படி ஜோடியாகச் சேர்த்து வைத்தான். பரசுராமன் அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா சார், உள்ள போறதுக்கு முன்னாடியே வெளிய போறதுக்கு ரெடி பண்ணி வெச்சிட்டீங்க?"

"சின்ன வயசுப் பழக்கங்க" என்றான் முனிரத்தினம். அப்பாவிடமிருந்து வந்த பழக்கம் அது. அவர் துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கினார். கப்பல் எந்த நேரத்தில் வந்தாலும் ஆளைக் கூப்பிடுவார்கள். எழுந்ததும் கால் நேராகச் செருப்புக்குள் போக வேண்டும் என்பார். அவரிடமிருந்து இவனுக்கு வந்து சேர்ந்த ஆஸ்தி அது ஒன்றுதான்.

மாமரம் பார்த்தார்கள். ஆயிரங்கால் மண்டபம் பார்த்தார்கள். பரசுராமன் தூண் தூணாக விளக்கினார். முனிரத்தினம் தலையை ஆட்டிக்கொண்டே நடந்தான். எல்லாம் பெரிதாக இருந்தது. எல்லாம் வேறு யாருடையதாகவோ இருந்தது. பினாங்கில் தண்ணீர்மலைக் கோயில் படிகளை ஏறும்போது வருகிற ஈடுபாடு இங்கே வரவில்லையே என்று அவனுக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அங்கிருந்து சர்வதீர்த்தக் குளத்துக்குக் கூட்டிப் போனார். குளக்கரை முழுக்க ஆண்கள். சட்டையைக் கழற்றிவிட்டு, எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தார்கள். பத்தடிக்கு ஒரு ஐயர். அதில் ஒருவர் முனிரத்தினத்தின் பேண்ட்டையும் கைக்கடிகாரத்தையும் பார்த்துவிட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"அப்பா இருக்காரா?"

"இல்லைங்க."

"திதி என்ன?"

"தெரியாதுங்க."

"எங்க காலமானார்?"

"சயாம்ல."

ஐயர் முன்பைவிடத் தணிந்த குரலில் சொன்னார். "திதி தெரியாதவாளுக்குத்தான் இந்த நாள் இருக்கு. உட்காருங்கோ. அப்பா பேரு, தாத்தா பேரு, கொள்ளுத்தாத்தா பேரு சொல்லுங்கோ."

முனிரத்தினத்துக்கு அப்பாவின் பெயர்தான் தெரியும். அதற்குமேல் ஒருவரையும் தெரியாது. மூன்று பெயர் கேட்கிற இடத்தில் ஒரு பெயரை வைத்துக்கொண்டு எப்படி உட்காருவது? "அப்புறம் வரேங்க" என்று நகர்ந்து, கடைசிப் படியில் போய் நின்றான். இருபத்தெட்டு வருஷமாக அப்பாவுக்கு யாரும் ஒரு பிடி எள் இறைக்கவில்லை என்பது அந்தக் குளக்கரையில் நின்றபோதுதான் அவனுக்கு உறைத்தது.

ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் பினாங்கிலிருந்து ஆள் பிடித்தார்கள். ஒருநாள் கிடங்குக்கு லாரி வந்தது. முனிரத்தினத்துக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பாவுக்குச் சோறு கொண்டு போனவன், லாரியில் நின்ற அப்பாவைத்தான் பார்த்தான். அவர் குனிந்து அவன் காதருகே பேசினார். ஓடி ஒளி என்றோ, அம்மாவைப் பார்த்துக்கொள் என்றோ சொல்லவில்லை.

"காஞ்சிபுரத்துப் பக்கம் தாமல்ல பாப்பா இருக்குது. என்னிக்காவது போனியானா பாரு. அண்ணன் தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சிக்கோன்னு சொன்னேன்னு சொல்லு."

அவ்வளவுதான். லாரி போய்விட்டது. சண்டை முடிந்து திரும்பி வந்தவர்களில் ஒருவர், அப்பாதுரை காலராவில் போய்விட்டார், ஆற்றோரம் நிறையப் பேரோடு சேர்த்து எரித்துவிட்டார்கள் என்று வந்து சொன்னார். அம்மா அன்றே தாலியைக் கழற்றினாள். தாமல், பாப்பா என்று பையன் பேச்செடுத்தபோது, "அந்த ஊர்ப் பேச்சு இந்த வீட்ல வேணாம்" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள். அவளும் போய் நான்கு வருஷமாகிறது.

ஆக, பாப்பா என்கிற அத்தை ஒருத்தி இருக்கிறாள். அப்பாவின் தங்கை. அண்ணன் அவளுக்கு ஏதோ அநியாயம் செய்துவிட்டுக் கப்பல் ஏறியிருக்கிறார். நகையைக் கேட்டு வாங்கிப் போயிருப்பார், அல்லது கல்யாணத்துக்கு இருக்காமல் போயிருப்பார். முனிரத்தினம் இப்படித்தான் புரிந்து வைத்திருந்தான். முதலாளி அனுப்புகிறேன் என்றதும் அவன் உடனே தலையாட்டியது சேலைக்காக அல்ல. ஆனால் வந்து நான்கு நாளாகியும் வாய் திறக்காமல் இருந்தான். சொல்லி முடித்துவிட்டால் அப்பா முழுக்கச் செத்துப் போய்விடுவார் என்று ஒரு பயம். கூடவே அந்த நாற்பது சித்தப்பாக்கள்.

படியில் நின்றபடியே பரசுராமனிடம் கேட்டான். "இங்க தாமல்னு ஒரு ஊர் இருக்குதுங்களா?"

"நான் பொறந்ததே தாமல்தான் சார். ஏன்?"

"அங்கிருந்து அப்பாதுரைன்னு ஒருத்தர் பினாங்குக்கு வந்தாரு. எங்களுக்குத் தெரிஞ்சவர். அவர் வீட்டுல பாப்பான்னு ஒருத்தங்க..."

பரசுராமன் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பாப்பாவா? எங்க தெருதான். காந்தான்னு பேரு, யாரும் கூப்பிடமாட்டாங்க. செவிலிமேட்டுல கட்டிக் கொடுத்தாங்க. அங்கதான் இருக்குது. இப்பவே போலாமா?"

அவள் அப்பாதுரைக்கு என்ன உறவு என்று முனிரத்தினம் கேட்கவில்லை. தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருப்பதை யார் கேட்கிறார்கள்?

ஜட்கா பிடித்துச் செவிலிமேடு போய்ச் சேரப் பதினொரு மணி ஆகிவிட்டது. பாலாற்றுக்குப் போகிற வழியில், புதிதாக எழும்பிக்கொண்டிருந்த நாலைந்து மாடி வீடுகளுக்கு நடுவில் ஓர் ஓட்டு வீடு. அமாவாசை என்பதால் வாசலில் கோலமில்லை, கழுவி விட்டிருந்தார்கள். பரசுராமன் தெருவிலிருந்தே குரல் கொடுத்தார்.

"பாப்பா, உன்னைப் பார்க்க பினாங்குலேந்து ஆளு வந்துருக்குது. அப்பாதுரையாரைத் தெரிஞ்சவராம்." பிறகு முனிரத்தினத்திடம், "எனக்கும் வீட்ல படையல் சார். முடிச்சிக்கினு மூணு மணிக்கு வந்துடறேன்" என்று சொல்லி அதே ஜட்காவில் ஏறிக்கொண்டார்.

முனிரத்தினம் செருப்பைக் கழற்றி, தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனான்.

பாப்பா வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், அரிவாள்மணையை விட்டு எழுந்திருக்கக்கூட மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தைந்து நாற்பத்தாறு வயதுதான் இருக்கும். அத்தைக்கு இது குறைந்த வயதாயிற்றே என்று நினைத்தான். கடைக்குட்டியாக இருந்திருப்பாள் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

"அண்ணனைத் தெரியுமா உங்களுக்கு?" அவள் குரல் கிசுகிசுவென்றுதான் வந்தது.

"தெரியும்மா. நான் சின்னப் பையனா இருந்தப்போ பக்கத்துல இருந்தாரு."

"அண்ணி, இங்க வா" என்று அவள் உள்பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள். "அண்ணனைத் தெரிஞ்சவரு வந்துருக்காரு."

சமையலறை நிலையில் ஒரு வயதான பெண் வந்து நின்றாள். அறுபத்தைந்து இருக்கும். நரைத்த தலை, மஞ்சள் பூசிய முகம், நாலணா அகலத்துக்குக் குங்குமம், கழுத்தில் பழுத்த மஞ்சள் சரடு. அவள் முனிரத்தினத்தைப் பார்த்தாள். பிறகு அவனைத் தாண்டி வாசற்படியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே உள்ளே போய்விட்டாள்.

"அங்கம்மாள்னு பேரு. அதிகம் பேசாது" என்றாள் பாப்பா. செம்பில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். கொஞ்சம் தரையில் சிந்தியது.

அண்ணி என்றால் அண்ணன் பெண்டாட்டி. அப்பாவுக்கு இன்னொரு சகோதரர் இருக்கிறார்போல என்று முனிரத்தினம் கணக்குப் போட்டான். பேச்சை எங்காவது தொடங்க வேண்டுமே என்று, "அவங்க வீட்டுக்காரர் வெளிய போயிருக்காருங்களா?" என்று கேட்டான்.

பாப்பா அவனை விநோதமாகப் பார்த்தாள். "அவரைப் பத்திச் சொல்லத்தானே தம்பி நீங்க வந்துருக்கீங்க?"

"இல்லைங்க, நான் கேட்டது... உங்களுக்கு எத்தனை அண்ணன்?"

"எனக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லைப்பா. நான் ஒருத்திதான்." சொன்னவுடன் அவளுக்கே புரிந்துவிட்டது. லேசாகச் சிரித்தாள். "அண்ணன்னா எங்கப்பா. தாமல்ல ஒரே வீட்ல எல்லாரும் இருந்தோம். சித்தப்பாங்க மூணு பேரு, அத்தைங்க ரெண்டு பேரு. அவங்க எல்லாம் அண்ணன் அண்ணன்னு கூப்பிட்டுக்கினு இருந்தாங்க. அதைக் கேட்டு நானும் அண்ணன்னு கூப்பிட்டேன். அம்மா அண்ணி ஆயிட்டாங்க. அப்புறம் மாத்தவே இல்லை."

கூட்டுக் குடும்பங்களில் இது நடப்பதுதான். பினாங்கிலேயே அவன் பக்கத்து வீட்டில் ஒரு பெண் தன் தாயை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவனுக்குத் தெரியாத விஷயமே இல்லை. ஆனாலும் இருபத்தெட்டு வருஷம் அந்தச் சொல்லை அவன் தப்பாகவே தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறான். லாரியில் நின்ற மனுஷன் தங்கையிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மகளிடம் கேட்டிருக்கிறார்.

அப்படியானால் எதிரே தண்ணீர்ச் செம்போடு உட்கார்ந்திருப்பவள் அவனுக்கு அத்தை இல்லை, அக்கா. உள்ளே அடுப்பருகே நிற்பவள் அப்பாவின் மனைவி. பினாங்கில் அந்த ஊர்ப் பேச்சு வேண்டாம் என்ற அம்மா இதைத் தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள். முதலில் வந்தது கோபம்தான். பெண்டாட்டியையும் பிள்ளையையும் இங்கே விட்டுவிட்டு வந்து, அங்கே ஒரு குடும்பம் நடத்தி, கடைசியில் மன்னிப்புக் கேட்கிற வேலையைப் பன்னிரண்டு வயதுப் பையன் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாரே என்று அப்பா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. செத்தவரோடு சண்டை போட முடியாதது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது.

கோபம் அடங்கும் முன்னே பயம் வந்தது. அந்தக் குங்குமம். அந்தச் சரடு. அவன் கொண்டு வந்திருக்கிற சேதியின் முதல் வரி, அவர் இறந்துவிட்டார் என்பது. அதைச் சொன்ன மறுகணம் உள்ளே இருக்கிற அந்த அம்மாளின் நெற்றியை அழிப்பார்கள், சரடைக் கழற்றுவார்கள். கடல் தாண்டி வந்தவன் செய்து முடிக்கிற காரியம் அதுவாக இருக்க வேண்டுமா? சொல்லாமல் போனால், அப்பாவின் சேதியை என்ன செய்வது?

"மூணு வயசு எனக்கு, அண்ணன் போவும்போது" என்று பாப்பா சொல்லிக்கொண்டிருந்தாள். "மொகம் சுத்தமா நெனப்பில்லை. செருப்பு மட்டும்தான் நெனப்பு இருக்குது. பெரிய செருப்பு. எங்கனா போவப் போவுதுன்னா அது வாசலைப் பார்த்துக்கினு இருக்கும். இந்த வீட்ல யாரு அப்படி விட்டாலும் அண்ணி திட்டும்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எப்படி இருக்குது தம்பி அண்ணன்? எதனா சொல்லிச்சா?"

முனிரத்தினம் தண்ணீரைக் குடித்தான். பிறகு சொன்னான்.

"பாப்பாவைப் பார்த்தா சொல்லுன்னாரு. அண்ணன் தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சிக்கோன்னு சொல்லச் சொன்னாரு."

அவள் அழவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் சிந்திய தண்ணீரையே பார்த்தாள். பிறகு, "எப்ப சொன்னாரு?" என்று கேட்டாள்.

"ரொம்ப வருஷமாச்சும்மா. அப்புறம் நான் அவரைப் பார்க்கலை."

அதில் பொய் ஒன்றும் இல்லை.

"ஆளு மூலமா சொல்லி அனுப்பிட்டா ஆச்சா?" என்றாள் பாப்பா. குரலில் திடீரென்று ஒரு மூன்று வயதுப் பிடிவாதம் ஏறிவிட்டது. "நேர்ல வந்து கேக்கட்டும். மன்னிப்பேனா இல்லையான்னு அப்போ சொல்றேன். எத்தினி வயசானாலும் வந்து கேக்கட்டும்." எழுந்து முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "சாப்பிட்டுத்தான் போவணும் தம்பி. எலை இல்லை, பின்னாடித் தெருவுல அறுத்துக்கினு வந்துடறேன்."

அவள் போன பிறகு வீடு நிசப்தமாக இருந்தது. முனிரத்தினம் எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தான். அப்போது கொல்லைப்பக்கத்திலிருந்து அங்கம்மாளின் குரல் கேட்டது.

"இங்க வாப்பா."

கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மார்பளவு உயரத்தில் ஒரு மதில். அதன் மேல் மிச்சமிருந்த ஒரு வாழையிலைத் துண்டு. அங்கம்மாள் கையில் ஒரு கிண்ணம் இருந்தது. அதில் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்த சாதம். அவள் ஒரு உருண்டை பிடித்து இலையில் வைத்தாள்.

"இது மாமனாருக்கு."

இன்னொன்று பிடித்து வைத்தாள்.

"இது மாமியாருக்கு."

கிண்ணத்தில் இன்னும் ஒரு உருண்டைக்குச் சாதம் இருந்தது. அதைப் பிடித்தாள். வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"இந்த மூணாவதை இருபத்தஞ்சு வருஷமா நான் வெச்சிக்கினு இருக்கேன். யாருக்குன்னு பாப்பா கேட்டா, போற வழியில செத்தவங்களுக்குன்னு சொல்லுவேன். நான் வெக்கக் கூடாது. புள்ளை வெக்கணும்." அவன் முன்னால் கையை நீட்டினாள். "நீ வையி."

முனிரத்தினம் வலது கையை நீட்டினான். சாதம் இன்னும் சூடாக இருந்தது.

"உங்களுக்கு எப்படி..."

"செருப்பு விட்டியே, அதுலதான். அப்புறம் மொகத்தைப் பார்த்தேன்." அவள் குரலில் அழுகையும் இல்லை, குற்றம் சாட்டுவதும் இல்லை. "சண்டை முடிஞ்சு கப்பல்ல வந்த வாலாஜாக்காரரு ஒருத்தரு தேடிக்கினு வந்து சொல்லிட்டுப் போனாரு. காலராவுல போயிட்டாரு, அங்க ஒரு குடும்பம் இருக்குது, ஒரு புள்ளை இருக்குதுன்னு. அன்னிக்குப் பாப்பாவுக்கு வயித்துல ஏழு மாசம். அழுது கிழுது எதனா ஆயிடப் போவுதுன்னு வாயை மூடிக்கினேன். பெத்து எடுத்தப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். ஒரு நாளு மூடினதுதான். அப்புறம் தொறக்கறதுக்கு நாளே வரலைப்பா."

"அப்ப இந்த..." அவன் கழுத்தைக் காட்ட நினைத்து, கையை இறக்கிக்கொண்டான்.

"கழட்டினா அவளுக்குத் தெரிஞ்சிடும். நெத்தியில வெச்சிக்கும்போதெல்லாம் மனசு உறுத்துது. இல்லைன்னு சொல்லமாட்டேன். கோவமும் இருந்துது. ரொம்ப வருஷம் இருந்துது. செத்தவர் மேல எத்தினி நாளுதான் கோவிச்சிக்கினு இருக்கறது?" அவள் மதிலைப் பார்த்தாள். "வையிப்பா. காக்கா வந்துக்கினு இருக்குது."

முனிரத்தினம் மூன்றாவது உருண்டையை இலையில் வைத்தான். வைக்கும்போது உருண்டையின் ஓரம் உதிர்ந்தது. அங்கம்மாள் உதிர்ந்த பருக்கைகளைச் சேர்த்து ஒட்டிவிட்டாள்.

"மாமனார் பேரு என்னங்க?" என்று கேட்டான். குளக்கரையில் இல்லாமல் போன பெயர் அது.

"பெருமாள். அவங்கப்பா பேரு சின்னப்பையன்."

அவன் அந்த இரண்டு பெயரையும் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். பிறகு அப்பாவின் பெயரைச் சொன்னான். "கா, கா" என்று அங்கம்மாள் கூப்பிட்டாள். வேப்பமரத்திலிருந்து இறங்கிய காக்கை முதல் உருண்டையைக் கொத்தியது, பிறகு மூன்றாவதுக்குப் போனது. முனிரத்தினம் அழுதான். நாற்பது வயது ஆண்பிள்ளை, துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதான். சயாமிலிருந்து சேதி வந்த அன்றுகூட அவன் இப்படி அழவில்லை. அங்கம்மாள் தேற்றவில்லை. கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள்.

"நான் இருக்கற வரைக்கும் அவகிட்ட சொல்லாதே" என்றாள். "நான் போனப்புறம் பரசுராமனை எழுதச் சொல்லி வெக்கறேன். அப்போ வந்து சொல்லு. கடுதாசியில எழுதிப் போட்டுடாதே. அவரு மாதிரி ஆளு மூலமா சொல்லி அனுப்பாதே. நேர்ல வந்து, நீ யாருன்னும் சேர்த்துச் சொல்லு. அப்போ அவளுக்கு ஆளு வேணும்."

தெருப்பக்கம் காலடி கேட்டது. முனிரத்தினம் முகத்தைத் தொட்டித் தண்ணீரில் கழுவிக்கொண்டான்.

"காக்கா எடுத்துச்சா அண்ணி?" பாப்பா இலைகளோடு கொல்லைக்கு வந்தாள்.

"எடுத்துச்சு. மூணையும் எடுத்துச்சு" என்றாள் அங்கம்மாள்.

பாப்பா இலை போட்டுப் பரிமாறினாள். வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கூட்டு, பருப்பு, பாயசம். அவன் போதும் போதும் என்றபோதெல்லாம் இன்னும் ஒரு கரண்டி வைத்தாள். பினாங்கில் கடல் எந்தப் பக்கம், வீட்டிலிருந்து பார்த்தால் கப்பல் தெரியுமா, அண்ணன் என்ன வேலை பார்த்தார், மீசை வைத்திருந்தாரா என்றெல்லாம் கேட்டாள். அவன் தெரிந்ததை எல்லாம் சொன்னான். மீசை உண்டு என்றான். மூட்டையை இடது தோளில்தான் தூக்குவார் என்றான். அவள் ஒவ்வொன்றையும் வாங்கி வாங்கி வைத்துக்கொண்டாள். அவர் சொல்லிக்கொடுத்த பாட்டு எதுவும் உண்டா என்று அவள் கேட்டபோது மட்டும், அப்படி எதுவும் இல்லை என்று உண்மையைச் சொன்னான். நிலையோரம் உட்கார்ந்திருந்த அங்கம்மாளும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் கேள்விப்படாத விஷயங்கள்தான் அவை.

மூன்று மணிக்கு ஜட்காவின் மணிச் சத்தம் கேட்டது. முனிரத்தினம் எழுந்து வாசலுக்கு வந்தான். அவன் தெருவைப் பார்த்து வைத்திருந்த செருப்பு வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. இலை அறுத்துக்கொண்டு வந்த பாப்பா, வழக்கமாகச் செய்வதுபோலத் திருப்பி வைத்திருக்கிறாள். இனி அதை மாட்டிக்கொள்ள வேண்டுமென்றால் தெருவுக்கு முதுகு காட்டி, வீட்டைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும்.

படியிறங்கித் திரும்பி நின்று காலை நுழைத்தான். எதிரே நிலைப்படியில் பாப்பா நின்றாள். அவள் தோளுக்குப் பின்னால் அங்கம்மாளின் குங்குமம் தெரிந்தது.

"தம்பி, நான் ஏதோ படபடன்னு பேசிட்டேன்" என்றாள் பாப்பா. "அண்ணனைப் பார்த்தீங்கன்னா பாப்பாவுக்குக் கோவம் இல்லைன்னு சொல்லுங்க. ஆனா நேர்ல வரணும். அதை மறக்காம சொல்லுங்க."

"சொல்றேன் அக்கா" என்றான் முனிரத்தினம்.

"மறந்துடப் போறீங்க."

"மறக்கமாட்டேன்க்கா. நேர்ல வந்துதான் சொல்லணும்."

அவள் சரி என்று தலையை ஆட்டினாள். தெருவிலிருந்து பரசுராமன் இரண்டு தடவை கூப்பிட்டார். செருப்பு மாட்டிய பிறகும், திரும்பி நடப்பதற்கு அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.